காக்கை தொடாத சோறு

ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். போலீஸ்காரன் பேனாவைப் பிடித்தால் 'மேற்படி நபர்' என்றுதான் வரும், படிக்கிறவர்கள் பாவம் என்று சொல்லித் தட்டிக் கழித்து வந்தேன். இந்த வருடம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சரவணன்.

சரவணன் ராணுவத்தில் ஹவில்தார். ஆப்பிரிக்க நாடு ஒன்றில் ஐ.நா. அமைதிப்படையில் ஒரு வருடம் இருந்துவிட்டு லீவில் வந்திருந்தான். நானும் ஒரு காலத்தில் நீலத் தொப்பி போட்டவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேங்கிக்காலில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டான். செல்போனில் படம் படமாகக் காட்டினான். வெள்ளை பெயிண்ட் அடித்த கவச வண்டிகள், வானத்தில் பறந்து வேவு பார்க்கும் கேமரா, துப்பாக்கியோடு ரோந்து போகும் பெண்கள், ஊரைவிட்டு ஓடி வந்த ஜனங்களுக்காக நம் ஆட்களே காவல் காக்கும் முகாம். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவன் புறப்படும்போது ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதில்தான் இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் காலத்து அமைதிப்படை வேறு மாதிரி. நான் ராணுவத்தில் சேர்ந்து, அடி உதை வாங்கிப் பயிற்சி முடித்து, கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே போய் இறங்கிய இடம் ஒரு பாலைவனம். சண்டை போட்டு ஓய்ந்த இரண்டு நாடுகள். நடுவில் கலப்பையால் கீறியது மாதிரி ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நாங்கள். கையில் துப்பாக்கி உண்டு, ஆனால் நம்மைச் சுட்டால்தான் நாம் சுடலாம். மற்றபடி வேலை, பார்ப்பதும் எழுதுவதும். அரை மணிக்கு ஒரு தடவை பைனாகுலரில் பார்க்க வேண்டும், பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று எழுத வேண்டும்.

எங்கள் மேஜர் பாலக்காட்டுக்காரர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மணல்காற்று அடிக்கிற நாளிலும் இரண்டு வேளை சவரம் செய்துகொள்வார். நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படிப்பார். ஒரு வரியில் விரல் நின்றுவிட்டால், "இது நீ கண்டதா, நினைச்சதா?" என்று மெதுவாகக் கேட்பார். 'ஆடு மேய்ப்பவன் உளவு பார்க்க வந்தான்' என்று நான் ஒரு நாள் எழுதியிருந்தேன். உளவு என்பதை அவர் பிளேடால் சுரண்டி எடுத்தார். ஆடு மேய்ப்பவன் வந்தான், அவ்வளவுதான் நீ கண்டது என்றார்.

இன்னொன்றும் அவர் செய்வார். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு பக்கத்து அதிகாரிகளையும் அழைத்து, அதே நோட்டை அதே குரலில் இருவருக்கும் படித்துக் காட்டுவார். "ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை. அப்பதான் நம்மை ரெண்டு பேரும் நம்புவான்" என்பார். என் கண் முன்னால் ஒரு துப்பாக்கிச் சண்டை அந்த நோட்டால் நின்றது. மனிதர் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தார். பட்டாளத்தை விட்டு வந்து போலீசில் சேர்ந்தபோது, பழைய பைனாகுலரோடு அந்த நோட்டுப் பழக்கத்தையும் கொண்டு வந்தேன்.

எழுபதுகளின் பின்பாதி. அப்போது நான் ஏட்டு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் இரண்டு சிற்றூர்கள். மேல்கொல்லை, கீழ்கொல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நாலு ஏக்கர் நிலம், ஒரு கிணற்றோடு. எங்களுடையது என்று இரண்டு ஊரும் சொல்லும். அந்த வருடம் திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் முடிந்து மலையிலிருந்து கொப்பரையை இறக்கிய வாரத்தில், அந்த நிலத்தில் வெட்டுக்குத்து நடந்தது. மேல்கொல்லை ஆள் ஒருவன் செத்துப் போனான். கீழ்கொல்லை முருகேசன் என்பவனைக் காணவில்லை. குத்தியவன் அவன்தான், ஓடிவிட்டான் என்றார்கள் மேல்கொல்லைக்காரர்கள். அவனைக் கொன்று புதைத்துவிட்டீர்கள் என்றார்கள் கீழ்கொல்லைக்காரர்கள். கிணறு, கொல்லை எல்லாம் முதல் நாளே தேடினோம். ஆள் அகப்படவில்லை.

ஆர்.டி.ஓ. நூற்று நாற்பத்தைந்து போட்டார். வழக்கு தீரும் வரை எந்த ஊர்க்காரனும் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று அர்த்தம். நிலத்தில் சோளம் ஆள் உயரத்துக்கு முற்றி நின்றது. யாரை விட்டு அறுப்பது என்பதிலேயே இன்னொரு கொலை விழும் என்று பயிரையும் அப்படியே விட்டார்கள். டி.எஸ்.பி. என்னைக் கூப்பிட்டு, "நீர் வெளிநாட்டுல இதைத்தானேய்யா செஞ்சீரு, இங்கேயும் செய்யும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நிலத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போடச் செய்தேன். வடக்கு மூலையில், கோட்டுக்கு வெளியே இருந்த மோட்டார் ரூமில் நானும் கான்ஸ்டபிள் பெருமாளும் காலை ஆறிலிருந்து மாலை ஏழு வரை. இரவில் ஆயுதப்படை ஆட்கள் இரண்டு ஊர் எல்லையிலும் சுற்றி வருவார்கள். கோட்டைத் தாண்டி யாரும் போகக் கூடாது, போலீஸ் உட்பட. அரை மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுத வேண்டும். சனிக்கிழமை தோறும் ஊருக்கு ஐந்து பேர் வண்டிப் பாதைக்கு வந்து தனித்தனியாக உட்கார, நான் நோட்டைப் படித்துக் காட்டுவேன். முதல் சனிக்கிழமை அமோகமாக நடந்தது. 'கோட்டை யாரும் தாண்டவில்லை' என்று படித்தபோது இரண்டு பக்கமும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அன்று நான் ஒரு சுற்றுப் பெருத்துத்தான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

இரண்டாவது வாரத்தில்தான் அந்த இடம் எனக்குப் பிடிக்காமல் போனது. ஆள் நடமாட்டம் இல்லாத நிலம் சும்மா இருக்காது. காற்றே இல்லாத உச்சி வேளையில் கொல்லையின் நடுவே சோளத்தட்டை மட்டும் ஒரு கோடாக அசைந்து நின்றுவிடும். கீரி என்பான் பெருமாள். நான் 'தட்டை அசைந்தது' என்று எழுதுவேன்.

கொல்லையின் நடுவில் குருவி ஓட்டுகிற பொம்மை ஒன்று நின்றது. வைக்கோல் உடம்பு, நீலச் சட்டை, தலைக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைத்த சட்டி. செவ்வாய்க்கிழமை காலை பனி கலைந்ததும் பார்த்தேன், பொம்மைக்குச் சட்டை இல்லை. வியாழக்கிழமை தலை இல்லை. அன்று பெருமாள் சட்டைக்குள் கைவிட்டுத் தாயத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஏட்டய்யா, இன்னாமோ அத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுதுங்க."

"நீ கண்டதா, நினைச்சதா?" என்றேன்.

வெள்ளிக்கிழமை வைக்கோலும் போய்விட்டது. இரண்டு குச்சிகள் மட்டும் சிலுவை மாதிரி நின்றன. கோட்டில் ஒரு காலடி இல்லை. சுண்ணாம்பு கலையவில்லை. எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதினேன்.

அதைவிட இன்னொன்று. முருகேசனின் மனைவி அஞ்சலை தினமும் உச்சி வேளைக்குக் கீழ்கொல்லையிலிருந்து வருவாள். கோட்டின் ஓரத்தில், சோளத்தை ஒட்டி, ஒரு எல்லைக்கல் உண்டு. அதன் மேல் மந்தார இலையில் சோறு வைப்பாள். "கா... கா..." என்று கூப்பிடுவாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். செத்தவர்களுக்காகக் காக்கைக்குச் சோறு வைப்பது நம் வழக்கம். புருஷன் செத்தது அவளுக்கே தெரிந்துவிட்டது, வாய் விட்டு அழவில்லை, அவ்வளவுதான் என்று ஊர் முடிவு கட்டியது.

ஆனால் காக்கை வரவில்லை. ஒற்றைப் பனையில் ஏழெட்டுக் காக்கைகள் உட்கார்ந்து கல்லையே பார்த்துக் கத்தும். ஒன்றுகூட இறங்காது. காக்கை தொடவில்லையென்றால் செத்தவனுக்கு ஏதோ குறை இருக்கிறது என்பார்கள். கீழ்கொல்லையில் பெண்கள் விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவதையே விட்டுவிட்டார்கள். எனக்கு முதுகு சில்லிட்டது வேறொன்றால். காக்கை தொடாத அந்தச் சோறு கால் மணி கழித்துப் பார்த்தால் இருக்காது. இலை மட்டும் சுத்தமாகக் கிடக்கும். அதையும் எழுதினேன்.

ஒரு நாள் அவள் சோறு வைத்துவிட்டு மோட்டார் ரூமுக்கு வந்தாள்.

"ஏட்டய்யா, நீங்க எந்தப் பக்கங்க?"

"எந்தப் பக்கமும் இல்லம்மா. நடுவுல."

"எங்க ஊரு தலைவரு, எங்க வூட்டுக்காரரு உசிரோட இருந்தா மேல்கொல்லைக்கே புடிச்சிக் குடுத்துட்டு நெலத்த வாங்கிக்கலாம்னு சொல்றாருங்க. நீங்க அந்த மாதிரி இல்லன்னு சொன்னாங்க."

"நான் யாருக்கும் ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல. பார்த்ததை எழுதுவேன். ரெண்டு ஊருக்கும் படிப்பேன்."

"எதா இருந்தாலும் படிச்சிடுவீங்களா?"

"எதா இருந்தாலும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். என்னை நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு இருந்தது. அதைப் பார்த்தேன். கோட்டுக்கு உள்ளே இல்லாத விஷயம் என்று நோட்டில் எழுதவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வண்டிப் பாதையில் பத்துப் பேரும் உட்கார்ந்தார்கள். மேஜரின் குரல் எனக்கு அச்சு அசலாக வரும். அதே குரலில் படித்தேன். செவ்வாய், பொம்மைக்குச் சட்டை இல்லை. வியாழன், சட்டி இல்லை. வெள்ளி, வைக்கோல் இல்லை. தினமும் பன்னிரண்டரை, காக்கை சோற்றைத் தொடவில்லை. பன்னிரண்டே முக்கால், சோறு இல்லை.

கீழ்கொல்லைக்காரர்கள் கையெடுத்து மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மேல்கொல்லைப் பக்கத்தில் செத்தவனின் தம்பி உட்கார்ந்திருந்தான். அதுவரை வாயே திறக்காதவன்.

"அந்தச் சோறு விசயத்த இன்னொரு வாட்டி படிங்க ஏட்டய்யா."

படித்தேன். அவன் நிதானமாக ஒரு துரும்பை எடுத்துப் பல்லில் வைத்துக்கொண்டான். சோளத்தைப் பார்த்தான். பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனான். வெயில் சுள்ளென்று அடித்தது. நான் நோட்டை மூடினேன், அவன் ஏன் இரண்டாவது தடவை கேட்டான் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்று மாலை ஆறு மணி இருக்கும். அஞ்சலை ஓடி வந்தாள். கையில் சோறு இல்லை. தலை அவிழ்ந்து கிடந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கால் எடுத்து வைக்கப் போனவளை நான் கையை விரித்து மறித்தேன்.

"உள்ள போகக் கூடாதும்மா."

"ஒரே ஒரு வாட்டி விடுங்கய்யா. கொல்லைக்குள்ள போய்ட்டு ஒடனே வந்துடறேன்."

"யாருக்கும் இல்லம்மா. மேல்கொல்லைக்காரன் கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்."

"அவன் கேக்க மாட்டானுங்கய்யா" என்றாள்.

"என்ன விசயம், சொல்லு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். அவள் வாய் திறந்து மூடியதை நான் கண்டேன். இது நான் நினைத்தது இல்லை, கண்டது. அவள் திரும்பி நடந்தாள். நான் ஆறு மணி பத்து நிமிடம் என்று போட்டு, 'பெண் ஒருவர் கோட்டைத் தாண்ட முயன்றார், தடுக்கப்பட்டார்' என்று எழுதினேன். ஏழு மணிக்கு ஆயுதப்படை ஆட்களிடம் நோட்டைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் சரியாக இருந்தது. கோட்டில் காலடி இல்லை. தட்டை அசையவில்லை. பத்தரை, ஒன்றும் இல்லை. பதினொன்று, ஒன்றும் இல்லை. பன்னிரண்டரைக்கு அஞ்சலை வந்தாள். கல்லின் மேல் இலையை வைத்தாள். கூப்பிடவில்லை. அன்று அவள் திரும்பிப் போகவும் இல்லை. நாலு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

பனையிலிருந்து ஒரு காக்கை இறங்கியது. கல்லின் மேல் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சோளத்தைப் பார்த்தது. ஒரு பருக்கையைக் கொத்தியது. பிறகு எல்லாம் இறங்கின. பத்து நாளாக இறங்காத காக்கைகள், இறக்கையை அடித்துக்கொண்டு, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தின்றன. இலையைக்கூடக் கிழித்துப் போட்டன.

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள்.

"காக்கா எடுத்துடுச்சுங்க. எழுதிக்கோங்க ஏட்டய்யா."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மார்கழிப் பனிக்கு ஒரு சட்டை. தண்ணீர் மொள்ள ஒரு சட்டி. படுக்க வைக்கோல். தேடி முடித்த இடம், இனி யாரும் நுழையாத இடம், சுற்றிலும் போலீஸ் காவல். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் முருகேசனுக்கு இந்த உலகத்தில் எங்கே கிடைத்திருக்கும்? ஆள் பக்கத்தில் இருந்ததால் காக்கை இறங்கவில்லை. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் நான். காக்கை எதற்குப் பயப்படும் என்று எனக்குத் தெரியாதா?

கோட்டைத் தாண்டி ஓடினேன். சோளத்தின் நடுவில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு வைக்கோல் பரப்பியிருந்தது. சட்டியில் பாதித் தண்ணீர். நீலச் சட்டை மடித்து வைத்திருந்தது. அவன் கிணற்றில் கிடந்தான்.

யார், எப்படி என்று கடைசி வரை நிரூபிக்க முடியவில்லை. சாட்சி இல்லை, காலடி இல்லை. தலைமறைவாக இருந்தவன் தவறி விழுந்தான் என்று முடித்தார்கள். அதற்கு முக்கியமான ஆதாரம் என் நோட்டு. கோட்டை யாரும் தாண்டவில்லை என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்ததே. மேல்கொல்லைக்கு ஒரு உயிர், கீழ்கொல்லைக்கு ஒரு உயிர், கணக்கு நேராகிவிட்டது போல. அதற்கப்புறம் கலவரமே நடக்கவில்லை. அமைதி காத்ததற்காக எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். பெருமாள் கைதட்டினான், பாவம். சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனை ஜீப்பில் ஏற்றித் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோய், சப்-ஜெயிலில் உயிரோடு வைத்திருப்பேன். காரியம் முடிந்த பிறகு அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அஞ்சலை கோபப்படவில்லை.

"எதுவா இருந்தாலும் ரெண்டு ஊருக்கும் படிச்சிடுவேன்னீங்களே. உங்களாண்ட எத்தச் சொல்றதுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மேஜர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பள்ளத்தில் இரண்டு பக்கமும் பட்டாளம் இருந்தது, நடுவில் மணல் இருந்தது. என் நிலத்தில் நடுவில் ஒரு மனிதன் இருந்தான். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. உலகத்துக்கும் அது தெரிய ரொம்ப காலம் ஆகியிருக்கிறது. அமைதிப்படை பார்த்துக்கொண்டே இருக்க ஜனங்கள் செத்த ஊர்களைப் பற்றிப் பிற்பாடு பேப்பரில் படித்தேன். படிக்கும்போதெல்லாம் யாரோ ஒருவன் நேரம் போட்டு எழுதிக்கொண்டிருந்திருப்பான் என்று தோன்றும்.

சரவணனிடம் நான் கேட்டது இதுதான். "முகாம் கேட்டாண்ட ஒரு பொம்பள தலைவிரி கோலமா ஓடி வந்து நிக்கறா. காரணம் சொல்ல மாட்டேங்கறா. நீ இன்னா பண்ணுவே?"

அவன் யோசிக்கவே இல்லை. "பொதுமக்களைக் காப்பாத்தறதுதான் இப்ப முதல் வேலைங்கய்யா. பின்னாடி யார் தொரத்தினு வர்றான்னு பார்ப்போம். அந்தம்மாவ உள்ள விடுவோம். அப்புறந்தான் நோட்டு, பேனாலாம்."

அவ்வளவு சுலபமான பதில். நான் அவனுக்கு இன்னொரு டம்ளர் காபி கொண்டுவரச் சொன்னேன்.

அமாவாசைதோறும் எங்கள் மாடியில் என் மனைவி காக்கைக்குச் சோறு வைப்பாள். வேங்கிக்காலில் காக்கைக்கா பஞ்சம், இலையை வைத்த மாத்திரத்தில் வந்துவிடும். பெரியவங்க வந்துட்டாங்க என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் ஓரமாக நின்று, கையில் நோட்டு இல்லாமல், பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கு ஒரு நாள் இறங்காமல் இருந்துவிடு என்று அந்தக் காக்கையை மனதுக்குள் கெஞ்சுவேன். அது கேட்காது, இறங்கித் தின்றுவிடும்.